எண்ணெய் இருக்குது, எஞ்சினுக்கு வரோணுமே

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரம்பரை (உறவுக்கார) மாப்பிள்ளை ஒருத்தர் போன வாரம் போனில் கேட்டது இது:

"ஏனுங்க மாமா, ஒரு வீடியோ பாத்தனுங்க. காரு அளவுக்கு ஒரு விமானம், ஒத்த எஞ்சின். பின்சீட்டைக் கழட்டிப் போட்டு அங்க டேங்க் வெச்சு, அமெரிக்காவுல இருந்து ஹவாய்க்கு ஒரே ஆளு ஓட்டிட்டுப் போறாருங்க. கீழ தண்ணியத் தவிர ஒன்னுமில்ல. எஞ்சின் நின்னுபோனா என்னங்க பண்ணுவாரு? பேசாம கப்பல்ல ஏத்தி விட்டா ஆகாதுங்களா? நம்ம கோயமுத்தூர்ல இருந்து அப்படி எங்கியாச்சும் போக முடியுங்களா?"

போனில் அரையும் குறையுமாகச் சொன்னேன். "எழுதிக் குடுங்க மாமா, பசங்களுக்கும் காட்டறேன்" என்றார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை. முப்பது வருசம் சின்ன விமானங்களின் பராமரிப்பு வேலை பார்த்தவன். அதில் ஆறு வருசம் வெளிநாட்டில், கடல் தாண்டப் போகும் விமானங்களுக்குக் கூடுதல் டேங்க் பொருத்தும் பட்டறை ஒன்றில் இருந்தேன். இப்போது தாராபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் முருங்கை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆக, ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பதை நான் பார்த்ததில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் குழாய்களை நன்றாகத் தெரியும்.

கப்பல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் ரிக் வண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது சக்கரத்தோடு உருண்டு கப்பலில் ஏறுகிறது, அங்கே உருண்டு இறங்குகிறது. செஸ்னா 172 என்கிற சாதாரணப் பயிற்சி விமானத்துக்கு இறக்கை மட்டும் 11 மீட்டர். கழற்றினால்தான் கண்டெய்னருக்குள் போகும். கழற்றுவது சின்ன வேலை. மறுபடி மாட்டி, கம்பிகளின் இழுவையைச் சரிபார்த்து, சோதனை ஓட்டம் முடித்து, ஒருத்தர் கையெழுத்துப் போடும்வரை வாரக்கணக்காகும். அப்படியும் பல விமானங்கள் போகின்றன. ஆனால் ஓட்டிக்கொண்டு போனால் காற்றும் வானிலையும் ஒத்துவந்தபோது சில நாளில் வாங்கியவர் வாசலில் நிற்கும். சங்ககிரியில் பாடி கட்டிய லாரியை வடக்கே ஓட்டிப்போய் விட்டுவிட்டு ரயிலில் திரும்பும் டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே பிழைப்புதான். ஃபெர்ரி பைலட் என்பார்கள். இது பெரிய அளவில் சூடுபிடித்தது இரண்டாம் உலகப் போரில். 1940 நவம்பரில் ஹட்சன் என்கிற 7 குண்டுவீச்சு விமானங்கள் நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் ஊரிலிருந்து ராத்திரியில் கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி, வட அயர்லாந்தில் இறங்கின. ஏழும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

எஞ்சின் நின்றால்? 9,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் செஸ்னா 172 சும்மா மிதந்து இறங்கி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போகும். கலிஃபோர்னியா கரையிலிருந்து ஹவாய்க்குச் சுமார் 3,900 கிலோமீட்டர். முதல் 25, கடைசி 25 போக மீதி முழுக்க, நின்றால் தண்ணீர்தான். அதை யாரும் மறைப்பதில்லை.

ஆனால் எஞ்சின் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. உங்கள் கம்ப்ரசர் எஞ்சின் ராத்திரி முழுக்க ஒரே வேகத்தில் ஓடும்போது பிரச்சினை தருகிறதா? ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதானே மக்கர் பண்ணும்? இதுவும் அப்படித்தான். விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றில் தீப்பொறி எழுப்பத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். செஸ்னாவில் இருக்கும் லைகமிங் எஞ்சினைப் பிரித்து மறுசீரமைக்கும் கெடுவே 2,000 மணி நேரம். ஹவாய்க்குப் போக ஆவது 18 மணி நேரம். அனுபவசாலிகள் புத்தம்புது எஞ்சினோடு கடலுக்குப் போகவே யோசிப்பார்கள். கொஞ்சம் மணி நேரம் நிலத்தின் மேல் ஓட்டி, எங்கே கசிகிறது, எது தளர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கரை மறைந்ததும் எஞ்சின் சத்தம் மாறிவிட்டது போலக் காதுக்குப் படும் என்று போய் வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லுவார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பட்டறையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: டேங்கில் எண்ணெய் இருப்பது வேறு, அது எஞ்சினுக்கு வந்து சேர்வது வேறு. கடலில் இறங்கிய பல விமானங்களில் எஞ்சின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சிலவற்றில் பெட்ரோலும் இருந்திருக்கிறது.

2015 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ட்ரேசியிலிருந்து ஹவாயின் மாவி தீவுக்கு ஒரு சிரஸ் எஸ்ஆர் 22 விமானம் போனது. ஒரே ஆள், ஒரே எஞ்சின். பாதி வழிக்கு மேல் போன பிறகு கூடுதல் டேங்கிலிருந்து பெட்ரோலை மாற்ற முடியவில்லை. பின்னால் பெட்ரோல் குலுங்கிக்கொண்டிருக்கிறது, எஞ்சினுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அவர் பதறவில்லை. கடலோரக் காவல் படைக்கு முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் எந்தக் கப்பல் போகிறது என்று கேட்டு, ஒரு சுற்றுலாக் கப்பல் இருக்கும் பக்கமாக விமானத்தைத் திருப்பினார். மாவிக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. சிரஸ் விமானத்தில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உண்டு. அதை இழுத்தார். விமானம் குடை பிடித்தாற்போல் கடலில் வந்து உட்கார்ந்தது. ரப்பர் படகில் ஏறினார். கப்பல்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டார்கள். மேலே சுற்றிய காவல் படை விமானம் எல்லாவற்றையும் படம் பிடித்தது.

இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை, நீங்கள் மோட்டார் ஊர்க்காரர். கிணற்றில் தண்ணி இருக்கும், மோட்டார் ஓடும், குழாயில் தண்ணி வராது. புட்வால்வில் குப்பை மாட்டியிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் காத்து இழுக்கும். விமானத்திலும் இதே கதைதான். செஸ்னாவில் இறக்கை உச்சியில் இருக்கிறது. இறக்கைக்குள் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகும். நாங்கள் வைக்கும் டேங்க் சீட் இருந்த இடத்தில், அதாவது கீழே. அங்கிருந்து சின்ன மின்சாரப் பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஒரு கைப்பம்பும் வைப்போம். அந்தக் கைப்பம்பை ஒரு விமானி "தேவையில்லாத பாரம்" என்று கழற்றச் சொன்னார். எங்கள் மேஸ்திரி, "அப்படியானால் டேங்கையும் சேர்த்துக் கழற்றிக்கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

அடுத்தது மேல்டேங்க் தொல்லை. வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தால் மொட்டை மாடியிலிருந்து தண்ணி கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். இறக்கை டேங்க் நிறைந்திருக்கும்போதே கீழ் டேங்கின் பம்பைப் போட்டால் பெட்ரோல் இறக்கையின் காற்றுக்குழாய் வழியாக வெளியே கடலில் கொட்டும். ராத்திரியில் கண்ணுக்கும் தெரியாது. கதவைத் தட்ட ஆளும் இல்லை. அதனால் இறக்கை டேங்கைப் பாதியாவது காலி செய்த பிறகே பம்பைப் போட வேண்டும். போட்ட நேரத்தைத் தாளில் எழுத வேண்டும், நிறுத்திய நேரத்தையும் எழுத வேண்டும். பெரும்பாலும் இந்தத் தற்காலிக டேங்கில் அளவு காட்டும் முள்ளே இருக்காது. பக்கவாட்டில் ஒரு தெளிந்த குழாய், கையில் ஒரு கடிகாரம், மடியில் ஒரு தாள்.

மூன்றாவது காற்றுக்குழாய். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று நின்று நின்று வருமே, அதற்காகத்தான் இரண்டாவது ஓட்டை போடுகிறோம். இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம். குழாய்க்குள் தூசி போகாமல் இருக்க வெளிமுனையில் டேப் ஒட்டியிருந்தேன். தரையில் சோதனை ஓட்டத்துக்கு முன்னால் எடுக்க மறந்துவிட்டேன். எஞ்சின் நன்றாகப் பிடித்தது. கால் மணி நேரம் கழித்து உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம். அலுமினிய டேங்கின் ஒரு பக்கச் சுவர் உள்வாங்கி, மிதித்த டப்பா மாதிரி நசுங்கியிருந்தது. மேஸ்திரி திட்டவில்லை. அந்த டேங்கை ஒரு மாதம் என் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதே டேப் கடலுக்கு மேல் இருந்திருந்தால் என்ன என்று நான் இன்றைக்கும் சில ராத்திரி நினைப்பதுண்டு.

இந்த எண்ணெய்க் கணக்கைப் பழைய ஆட்கள் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். சார்லஸ் லிண்ட்பெர்க் என்கிற அமெரிக்க விமானி 1927 மே 20 வெடியால நியூயார்க்கிலிருந்து தனியாகக் கிளம்பி, 33 மணி நேரம் 30 நிமிடத்தில் பாரிஸில் இறங்கினார். ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர். ஏற்றியது சுமார் 1,700 லிட்டர் பெட்ரோல், 5 டேங்க். பெரிய டேங்கைத் தனக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அதனால் முன் கண்ணாடியே கிடையாது, நேராகப் பார்க்க ஒரு பெரிஸ்கோப். ஏன் அப்படி? டேங்கைப் பின்னால் வைத்திருந்தால், மோதும்போது அவர் எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கியிருப்பார். எந்த டேங்கில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கருவிப் பலகையிலேயே பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டு போனார். இறங்கும்போது 300 லிட்டருக்கு மேல் மிச்சம். அவருடைய தைரியத்தை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பென்சில் கோடுதான் பெரிதாகத் தெரிகிறது.

பாரம். செஸ்னா 172 மணிக்கு 220 கிலோமீட்டர் போகும், 34 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். 3,900 கிலோமீட்டருக்குச் சுமார் 18 மணி நேரம், 600 லிட்டர். கால்வாசி கையிருப்பு சேர்த்தால் 750. விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, ஆக 540 கிலோ. வெறும் விமானம் ஏறக்குறைய 760 கிலோ. ஆள், டேங்க், படகு எல்லாம் சேர்த்தால் 1,400 கிலோவைத் தாண்டுகிறது. இந்த விமானத்துக்கு அனுமதித்த அதிகபட்ச எடை 1,157 கிலோ. இப்போது நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஓவர்லோடு உங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே திருட்டு ஓவர்லோடு கிடையாது. அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக 10 சதவீதம் வரை கூடுதலாக விடுவார்கள். அதற்கு மேல் என்றால் பொறியியல் கணக்குக் காட்ட வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்க, வேகத்தைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டுவார்கள். கனத்த விமானம் ஓடுபாதையை நீளமாகத் தின்னும், ஏறுவதும் ஆமை வேகம்தான். அதனால்தான் குளிர்ந்த காற்றுள்ள விடியற்காலையில் கிளம்புவது. பாரத்தை எங்கே வைப்பது என்பது எடையை விடப் பெரிய விசயம். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இழுக்கும் அல்லவா? விமானத்தில் பின்பாரம் ஏறினால் மூக்கு மேலே தூக்கும். தூக்கிய மூக்கை இறக்க முடியாத நிலை வந்தால் அதோடு சரி.

காற்று இன்னொரு கணக்கு. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களைக் கேட்டால் போதும், காற்றாலை நிறைந்த சீமை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு டிவிஎஸ் 50-இல் வருகிறீர்கள், காற்று முதுகில் தள்ளுகிறது. வழியில் அவசரமாக ஏதாவது ஊருக்குப் போயாக வேண்டும். தூரத்தில் பாதி வந்த இடத்தில் நின்று யோசித்தால் தப்பு. திரும்பினால் எதிர்காற்று, முன்னால் போனால் காற்றே தள்ளிவிடும். ஆகவே போவதற்கும் திரும்புவதற்கும் ஒரே நேரம் ஆகும் இடம் பாதி வழிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

ஹவாய்க் கணக்கில் போடுவோம். விமான வேகம் 220, பின்காற்று 20 என்றால் போகும்போது தரையளவில் 240, திரும்பும்போது 200. சமநேர இடம் 3,900-ஐ 200-ஆல் பெருக்கி 440-ஆல் வகுத்தால் சுமார் 1,770 கிலோமீட்டர். நேர்பாதியான 1,950 இல்லை. இதைத் தாண்டிய பிறகு ஏதாவது கோளாறு என்றால் முன்னால் போவதுதான் கிட்டம். இன்னொரு இடம் உண்டு: திரும்பினால் கிளம்பிய ஊருக்குப் பெட்ரோல் எட்டும் கடைசி இடம். 20 மணி நேரப் பெட்ரோல் இருந்தால் 9 மணி 5 நிமிடம் பறந்த பிறகு, சுமார் 2,180 கிலோமீட்டரில் அது வரும். அதற்கு மேல் ஹவாய் ஒன்றுதான் ஊர். இந்த இரண்டு எண்ணையும் கிளம்பும் முன்னாலேயே எழுதி வைத்து, வழியில் உண்மையான காற்றைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவார்கள். சமநேர இடத்துக்கு வரும்போது தாளில் எழுதியதை விடப் பெட்ரோல் குறைந்திருந்தால் நல்ல விமானி வாய் பேசாமல் திரும்பிவிடுவார். காற்று சரியில்லை என்று ஒரு வாரம் ஓட்டல் அறையில் படுத்துக் கிடந்தவரை முதலாளி திட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த விமானி அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார்.

இப்போதெல்லாம் ஜிபிஎஸ் வந்துவிட்டதால் வழி தவறுவது குறைவு. முன்பு இதுதான் பெரிய பயம். 2 கிலோமீட்டர் அளவு இருக்கிற தீவைக் கடலில் தேடுவது லேசா? 1937 ஜூலையில் அமீலியா இயர்ஹார்ட் என்கிற அமெரிக்கப் பெண் விமானி பசிபிக்கில் இருக்கும் ஹவ்லாண்டு தீவைத் தேடித்தான் காணாமல் போனார்.

ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் என்பவர் 1931-இல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஜிப்சி மாத் விமானத்தில் தனியாகப் போனார். நடுவில் நார்ஃபோக் தீவைக் கண்டுபிடித்தாக வேண்டும். அவர் செய்த தந்திரம் நம் ஆட்களுக்கு நன்றாகப் புரியும். இருட்டில், இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகும் தடம்) வழியாக, புது ஒரம்பரை சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் போகிறீர்கள். கீழ்பவானி வாய்க்கால் கரையில் சாளை இருக்கிறது என்று மட்டும் தெரியும். நேராகக் குறி வைத்துப் போய் வாய்க்காலில் முட்டினால், சாளை இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் முழிப்பீர்கள். வேண்டுமென்றே இடப்பக்கம் தள்ளிப் போய் வாய்க்காலில் முட்டினால் யோசனையே வேண்டாம், வலப்பக்கம் திரும்பி நடக்க வேண்டியதுதான். சிச்செஸ்டருக்கு வாய்க்கால் கிடையாது. அடிவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரம் என்று செக்ஸ்டன்ட் என்கிற கருவியால் அளந்து, தீவு வழியாகப் போகும் ஒரு கோட்டைக் காகிதத்தில் போட்டார். அதுதான் அவருடைய வாய்க்கால். வேண்டுமென்றே தீவுக்கு ஒரு பக்கம் தள்ளிப் பறந்து, அந்தக் கோட்டைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார். தீவு அங்கே இருந்தது.

அதே நார்ஃபோக் தீவுதான் 1978 டிசம்பரிலும். ஜே ப்ராக்னோ என்கிற அமெரிக்கர், முன்னாள் கடற்படை விமானி, செஸ்னா 188 என்கிற மருந்து தெளிக்கும் விமானத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவிலிருந்து நார்ஃபோக் தீவுக்குச் சுமார் 2,700 கிலோமீட்டர். கூடவே கிளம்பிய இன்னொரு விமானம் எழும்பும்போதே கடலில் விழுந்தது. அதன் விமானி தப்பித்தார். மறுநாள் ப்ராக்னோ தனியாகக் கிளம்பினார். வழியில் ரேடியோ அலையை வைத்துத் திசை காட்டும் கருவி கெட்டுப்போனது. நேரம் வந்தது, தீவு வரவில்லை. எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

அந்த நேரம் ஃபிஜியிலிருந்து ஆக்லாந்துக்குப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்த ஏர் நியூசிலாந்தின் டிசி 10 விமானத்திடம் தரைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் உதவி கேட்டார்கள். அதன் கேப்டன் கார்டன் வெட். அவர் செய்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ப்ராக்னோவை நேராகச் சூரியனைப் பார்த்து விமானத்தைத் திருப்பித் திசைகாட்டியைப் படிக்கச் சொன்னார். 274. தானும் திருப்பினார். 270. அந்த 4 டிகிரி வித்தியாசத்தில் சின்ன விமானம் தனக்குத் தெற்கே இருக்கிறது என்று கணித்தார். அடுத்து, கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணச் சொன்னார். அங்கே 4 விரல், இங்கே 2. மேற்கே போகப் போகச் சூரியன் தாமதமாகத்தான் இறங்கும். ஆக அவர் மேற்கேயும் இருக்கிறார். பொழுது பார்த்து நேரம் சொல்லும் நம் பாட்டன்மார் கணக்குதான், இரண்டு விமானத்துக்கு நடுவில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் ரேடியோ எந்த இடத்தில் கேட்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பார்த்து இன்னும் நெருக்கினார். பொழுது விழுந்த நேரத்தை நார்ஃபோக் தீவில் பொழுது விழுந்த நேரத்தோடு ஒப்பிட்டார். ராத்திரியில் ப்ராக்னோவின் கண்ணுக்குக் கடலில் ஒரு வெளிச்சம் பட்டது. இழுத்துச் செல்லப்படும் ஓர் எண்ணெய்த் துரப்பண மேடை. அதன் இடம் தெரிந்ததும் அவருடைய இடமும் தெரிந்தது. ஏறக்குறைய 23 மணி நேரம் பறந்து நார்ஃபோக்கில் இறங்கினார்.

14 மணி நேரத்தில் முடியும் என்று கிளம்பியவர் 23 மணி நேரம் பறந்திருக்கிறார் என்றால், ஏற்றிய கூடுதல் பெட்ரோலும், பிறகு அதைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த விதமும்தான் காரணம். அவருடைய டேங்குகளைப் பொருத்தியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

அட்லாண்டிக்கில் இத்தனை நீளம் ஒரே மூச்சில் போக வேண்டியதில்லை. கனடாவின் கூஸ் பே, கிரீன்லாந்தின் நார்சர்சுவாக், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக், ஸ்காட்லாந்தின் விக் என்று நான்கு ஊர், நடுவில் மூன்று தாவல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். தூரம் குறைவு, குளிர் கொடூரம். மேகத்துக்குள் போனால் இறக்கையில் பனி படியும். பனி படிந்த இறக்கை இறக்கையே இல்லை. நார்சர்சுவாக் விமானத்தளம் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் கட்டியது, நீளமான கடற்கழியின் உள்ளே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. மேகம் தாழ்ந்த நாளில் தப்பான கழிக்குள் நுழைந்தால் முடிவில் பாறைச் சுவர். தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரத்தில் நினைவு தப்பும் என்பது குளிர்நீர்க் கணக்கு. அதனால் தலை முதல் கால் வரை மூடிய ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு பாட்டிலில் ஒன்றுக்கு இருப்பது எப்படி என்று பட்டறையில் ஒருத்தர் நடித்துக் காட்டுவார். அதை எழுத முடியாது.

நம் நாட்டுப் பெண் ஒருத்தர் ஏறக்குறைய இதே வழியில் எதிர்த்திசையில் போயிருக்கிறார். மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட், 2019 மே மாதம் ஸ்காட்லாந்தின் விக்கிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் இக்கலுயிட்டில் இறங்கினார். அவருடைய சைனஸ் 912 விமானத்தின் எடை சுமார் 400 கிலோ. நம் காங்கேயம் காளையே அந்த எடைக்குக் குறையாது. லகு ரக விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய முதல் பெண் அவர்தான். அதே வருசம் ஆகஸ்டில் அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவின் அனாதிருக்கும் போனார்.

கடைசியாக நம் ஊர்க் கேள்வி. கோயமுத்தூரிலிருந்து கணவாய் வழியாகக் கொச்சி, அங்கிருந்து லட்சத்தீவின் அகத்தி. கொச்சியிலிருந்து அகத்திக்கு 459 கிலோமீட்டர். செஸ்னா 172-இல் உபயோகிக்கத் தக்க பெட்ரோல் 200 லிட்டர், கூடுதல் டேங்க் எதுவும் வேண்டாம். மேற்கே போகும்போது 40 கிலோமீட்டர் எதிர்காற்று என்றே வைப்போம்: போக 2 மணி 33 நிமிடம், திரும்ப 1 மணி 46 நிமிடம், மொத்தம் 147 லிட்டர். போய்த் திரும்பியும் ஒன்றரை மணி நேரத்துப் பெட்ரோல் மிச்சம் இருக்கும். அகத்தியில் விமானப் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. போக வர இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனி ஆடி வேண்டாம், தை மாசி பாருங்கள். உரிமமும் அனுமதியும் உள்ள ஒரு விமானியைப் பிடியுங்கள், ஆளுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை, ஒரு ரப்பர் படகு. கொச்சியில் பெட்ரோல் பிடித்ததும் ஏணி போட்டு ஏறி, இரண்டு இறக்கை மூடியையும் நீங்களே கையால் திருகிப் பாருங்க மாப்பிள்ளை. கீழே குனிந்து காற்றுக்குழாயில் டேப் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்க.